ஸ்பகெற்றியும் அதன் சுற்றமும்

1957 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதலாந் திகதி இரவு, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ‘பனோரமா’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு சிறு படம் காட்டப்பெற்றது. சுவிற்சர்லாந்தின் தென்பகுதியிலே ஒரு குடும்பத்தினர் மரக்கிளைகளில் தொங்கிய ஸ்பகெற்றி இழைகளைப் பறித்துக் கூடைகளில் இட்டு வெயிலில் உலர்த்தும் காட்சி அது. மாரிகாலம் கடுமையின்றிக் கழிந்ததாலும், ஸ்பகெற்றி வண்டின் தொல்லை நீங்கியதாலும் அவ்வாண்டு விளைச்சல் செழித்தது என்று ரிச்சர்ட் டிம்பிள்பி தம் கம்பீரமான குரலில் விளக்கம் கூறினார். இழைகள் யாவும் ஒரே நீளமாக இருப்பதற்குத் தாவர வல்லுநர்கள் பல்லாண்டு பட்ட பாடே காரணம் என்றும் அவர் சொல்லிவைத்தார். முட்டாள்கள் தினத்து விளையாட்டு அது என்பதை அறியாத பலர், ஸ்பகெற்றி மரத்தை வளர்ப்பது எவ்வாறு என்று நிலையத்தாரை விசாரித்தனர். அக்காலப் பிரித்தானியாவில் ஸ்பகெற்றி பெரும்பாலும் தக்காளிச் சோஸுடன் தகரத்தில் அடைத்தே விற்கப்பட்டது. ஆதலால் அதன் பிறப்பு வளர்ப்பை அறியாதிருந்தோரை அதிகம் குறைகூறுவதற்கில்லை.

நகைப்புக்கென எடுக்கப்பட்ட அப்படத்தில் ஓர் உண்மையான வினா ஒளிந்து கிடக்கிறது. இந்த இழைகள் ஒரே அளவாய் அமைவது எப்படி? அளவு மாறினால் வேறுபடுவது என்ன? இத்தாலியக் கடையொன்றில் மெல்லிய நீண்ட இழைகளாகப் பத்துப் பன்னிரண்டு வகைப் பொதிகள் அடுக்கப்பட்டிருக்கும். எல்லாம் கோதுமை றவையும் நீரும் சேர்ந்த ஒரே மாவிலிருந்து பிறந்தவை. இருந்தும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம். ஒன்றுக்கு உரிய குழம்பை மற்றொன்றில் ஊற்றினால் இத்தாலிய இல்லத்தரசி முகஞ்சுளிப்பாள். இஃது வெறும் பிடிவாதமா, அல்லது இதற்குத் தக்க நியாயம் உண்டா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் மாவைப் பற்றிச் சில சொற்கள். ரொட்டிக்கு உதவும் சாதாரண கோதுமை வேறு. பாஸ்தாவுக்கு உதவும் கோதுமை வேறு. பின்னது ‘டூரம்’ எனப்படும் வன்கோதுமை. இலத்தீன் மொழியில் அச்சொல்லின் பொருளே ‘கடினம்’ என்பது. இதனை அரைத்தால் தூள்மா எளிதில் விழாது. மஞ்சள் நிறமான றவையே விழும். இந்த றவையில் புரதம் மிகுதி. நீர் விட்டுப் பிசையும்போது அப்புரதம் ‘குளுற்றன்’ என்னும் பசையாகி, மாப்பொருள் மணிகளை வலைபோலச் சூழ்ந்து பிடித்துக்கொள்கிறது. கொதிநீரில் வேகும்போது இழை கரையாமலும் குழையாமலும் காப்பது இவ்வலையே. உலர்ந்த பாஸ்தாவை வன்கோதுமை றவையிலேயே செய்தல் வேண்டும் என 1967 ஆம் ஆண்டில் இத்தாலி சட்டம் இயற்றியது. 2001 ஆம் ஆண்டின் ஆணையும் தன் நாட்டுச் சந்தைக்கென அங்கு செய்யப்படும் பாஸ்தாவுக்கு இதே விதியை நிலைநிறுத்தி, அதன் ஈரப்பதம் நூற்றுக்கு 12.5 பங்கைத் தாண்டலாகாது என்றும் வரையறுத்தது.

அடுத்தது அச்சு. பிசைந்த மாவைத் துளைகளிட்ட தட்டொன்றின் வழியே பேரழுத்தத்துடன் தள்ளினால், துளை எப்படியோ அப்படியே இழையும் வெளிவரும். வட்டத்துளை உருண்டை இழையைத் தரும்; தட்டையான துளை தட்டை இழையைத் தரும்; துளையின் நடுவே ஒரு முளை இருந்தால் குழாய் உருவாகும். இடியப்ப உரலைக் கையாண்ட எவருக்கும் இத்தத்துவம் புதியதன்று. ஆயினும் இரண்டுக்கும் இடையே ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. இலங்கைத் தமிழர் இல்லங்களில் இடியப்பத்துக்கு அரிசிமாவை வறுத்து எடுப்பர். கோதுமை மாவாயின் அவித்து எடுப்பர். அரிசியில் குளுற்றன் இல்லை. கோதுமையிலோ அவிக்கும் வெப்பத்தால் அது முன்னரே செயலிழந்து விடுகிறது. ஆகவேதான் இழை இறுகாமல் மென்மையாய் விழுகிறது. அதை நீரில் வேகவைக்காமல் ஆவியில் அவிக்கவும் வேண்டியிருக்கிறது. இத்தாலியரோ அந்தப் பசையை அழியவிடாது காத்து, அதன் வலிமையைக் கொண்டே இழையைக் கொதிநீருக்குள் அனுப்புகின்றனர்.

இக்கலை இத்தாலிக்கு வந்த வரலாறு பற்றி ஒரு கட்டுக்கதை உலவுகிறது. மார்க்கோ போலோ சீனத்திலிருந்து இதனைக் கொணர்ந்தார் என்பது அது. அவர் வெனிஸ் நகருக்கு மீண்டது 1295 ஆம் ஆண்டில். ஆனால், அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1154 ஆம் ஆண்டில், அல் இத்ரீசி என்னும் அரபுப் புவியியல் அறிஞர் சிசிலித் தீவின் மன்னர் இரண்டாம் ரொஜருக்காகத் தாம் எழுதிய நூலில் இதுபற்றிக் குறிப்பிட்டுள்ளார். பலெர்மோ நகருக்கு அண்மையிலுள்ள திராபியா என்னும் ஊரில் ‘இத்ரியா’ எனும் பண்டம் பெருமளவில் செய்யப்பட்டு, கலாபிரியாவுக்கும் இஸ்லாமிய, கிறித்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பப்படுகிறது என்பது அவர் தரும் செய்தி. ஜெனோவா நகரில் 1279 ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு சொத்துப் பட்டியலிலும் மக்கரோனி நிறைந்த ஒரு பெட்டி இடம்பெற்றுள்ளது. இவற்றுக்குப் பின்னரே மார்க்கோ போலோ தாயகம் திரும்பினார்.

கப்பல் கப்பலாக அனுப்பினர் என்பதைச் சிறிது சிந்திக்க வேண்டும். இறைச்சியும் மீனும் சில நாளில் கெடும். ரொட்டி பூஞ்சணம் பிடிக்கும். நன்கு உலர்ந்த மாவிழை மட்டும் கடற்பயணத்தைத் தாங்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த மார்த்தீனோ என்னும் சமையல் வல்லுநர், தாம் எழுதிய நூலில் வெர்மிச்செல்லி செய்யும் முறையைக் கூறி, வெயிலில் உலர்த்தினால் அது இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும் என்கிறார். அக்காலத்து வெர்மிச்செல்லி அச்சில் பிழிந்த நீள இழையன்று. மெல்லிதாகப் பரப்பிய மாவை விரல்களால் சிறு சிறு துண்டாக்கிச் செய்தது. அதனை இறைச்சிச் சாற்றில் ஒரு மணி நேரம் வேகவைக்கும்படி அவர் சொல்வதைப் பார்த்தால், பதம் பற்றிய கருத்தும் அக்காலத்தில் வேறாகவே இருந்தது என்பது தெளிவாகும்.

பதினேழாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரிலே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை அந்நகர மக்களுக்கு ‘இலை உண்போர்’ என்னும் பட்டப்பெயர் இருந்தது. கோவாவும் கீரையும் சிறிது இறைச்சியும் அவர்தம் உணவு. மக்கள் பெருகினர், இறைச்சி அரிதாயிற்று. அவ்வேளையில் மாப்பிசையும் பொறியும் திருகு அச்சும் பரவி, பாஸ்தாவின் விலையைத் தாழ்த்தின. ஏழைகள் மக்கரோனியால் வயிறு நிரப்பத் தொடங்கினர். ‘இலை உண்போர்’ என்ற பெயர் மறைந்து ‘மக்கரோனி உண்போர்’ என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. இன்று உலகெங்கும் விருந்து மேசையில் இடம்பெறும் இந்த இழை, ஒரு காலத்தில் பசி தீர்க்கப் பிறந்த அச்சின் பிள்ளை என்பதை மறத்தல் ஆகாது.

நேப்பிள்ஸுக்கு அருகே கிரஞ்ஞானோ, தொர்ரே அன்னுன்சியாத்தா ஆகிய ஊர்கள் இத்தொழிலால் பெயர் பெற்றன. கடற்காற்றும் மலைக்காற்றும் மாறி மாறி வீசும் கிரஞ்ஞானோவின் தெருக்களில், மூங்கில் போன்ற தடிகளின் மேல் இழைகளைத் தோரணமாகத் தொங்கவிட்டு உலர்த்தினர். இங்கேதான் தொழிலாளியின் திறமை சோதிக்கப்பட்டது. அச்சிலிருந்து வரும்போது மாவின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு நீர் இருக்கும். காற்று வேகமாக வீசினால் இழையின் வெளிப்புறம் முந்தி உலர்ந்து சுருங்கும், உட்புறம் ஈரமாயிருக்கும், ஈற்றில் இழை வெடித்து நொறுங்கும். காற்று மந்தமானால் மா புளிக்கும். ஆதலால் முதலில் மேற்புறத்தைச் சற்று உலரவிட்டு, பின்னர் நிழலில் ஓய்வுகொடுத்து, உள்ளீரம் வெளியே பரவியதும் மீண்டும் காற்றில் இட்டனர். வானத்தைப் பார்த்தும் விரலால் தொட்டும் அறியும் அறிவு அது. ஒரு நாள் கணக்குத் தப்பினால் பலருடைய உழைப்பும் வீணாகும். பிற்காலத்தில் இப்பொறுப்பை வெப்பக் கூடங்கள் ஏற்றுக்கொண்டன. கிரஞ்ஞானோவின் பாஸ்தாவுக்கு 2013 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது.

இனி வகைகளைக் காண்போர்க்கு, அவற்றின் பெயர்களே வழிகாட்டும். பெயரிட்டவர்கள் கண்முன் கண்ட எளிய பொருள்களையே உவமையாகக் கொண்டனர். மிக மெல்லியது ‘கப்பெல்லி தாஞ்சேலோ’. வானதூதரின் தலைமயிர் என்பது பொருள். இதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அடுத்தது ‘கப்பெல்லினி’, சிறுமயிர் எனலாம், ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவினது. அதற்குச் சற்று மேற்பட்டது ‘ஃபெதெலினி’. ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் நிற்பது ‘ஸ்பகெற்றினி’. அதன் மேல், 1.8 முதல் 2 மில்லிமீற்றர் வரை உள்ளதே ‘ஸ்பகெற்றி’. ‘ஸ்பாகோ’ என்றால் கயிறு. ஸ்பகெற்றி என்றால் சிறு கயிறுகள். இத்தாலியில் ‘வெர்மிச்செல்லி’, அதாவது சிறு புழுக்கள், என்பது ஸ்பகெற்றியிலும் சிறிது பருத்தது. பெயரைக் கேட்டு அருவருக்க வேண்டியதில்லை; வடிவம் பற்றி வந்த பெயர் அது.

உருண்டையல்லாத உறவினரும் சிலர் உளர். ‘லிங்குவினே’ என்பது சிறு நாக்குகள். உருண்டையை இருபுறமும் அமுக்கியது போன்ற தட்டை இழை. ‘புக்காத்தினி’ என்பது நடுவில் துளையுள்ள இழை. ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் பருமன் உடையது. அத்தனை பருமனாயிருந்தும், துளைவழியே நீர் உட்புகுவதால் உள்ளும் புறமும் ஒருங்கே வேகும். அப்ருஸோ மாநிலத்தில் கம்பிகள் கட்டிய மரச்சட்டம் ஒன்றின்மேல் மாத்தகட்டைப் பரப்பி உருளையால் அழுத்துவர். கம்பிகள் அதனை அறுக்க, நாற்சதுரமான இழைகள் கீழே விழும். வீணை போன்ற அச்சட்டத்துக்குக் ‘கித்தாரா’ என்று பெயர். இழைக்கும் அதுவே அடைமொழி.

அரை மில்லிமீற்றர் வேறுபாடு வாய்க்குத் தெரியுமா என்று சிலர் வினவக்கூடும். விடையைக் கணக்கே கூறும். கொதிநீர் இழையின் மேற்புறத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல ஊறிச் செல்கிறது. இவ்வாறு ஊறும் காலம், கடக்க வேண்டிய தூரத்தின் அளவில் மட்டுமன்று, ஏறத்தாழ அதன் வர்க்கத்தின் அளவில் கூடுகிறது. பருமன் இருமடங்கானால் காலம் நான்கு மடங்கை நெருங்கும். கப்பெல்லினி மூன்று நான்கு நிமிடங்களில் வெந்துவிட, ஸ்பகெற்றிக்கு ஒன்பது பத்து நிமிடங்கள் ஆவது இதனாலேயே. மெல்லிய இழை ஒரு நிமிடம் கூடுதலாக நீரில் கிடந்தால் கூழாகும். பருத்த இழை அதே ஒரு நிமிடத்தைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். இத்தாலியர் விரும்பும் பதம் ‘பல்லுக்கு’ என்று பொருள்படும் ‘அல் தெந்தே’. இழையைக் கடித்துப் பார்த்தால் நடுவிலே ஊசிமுனை போன்ற ஒரு வெண்புள்ளி மறையும் தறுவாயில் இருக்க வேண்டும். கப்பெல்லினியில் அந்தத் தறுவாய் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும்.

இரண்டாவது கணக்கு மேற்பரப்பைப் பற்றியது. ஒரே எடையுள்ள இரு பொதிகளில், ஓர் இழை மற்றதன் பாதிப் பருமனாயின், அப்பொதியின் மொத்த மேற்பரப்பு இருமடங்காகும். மேற்பரப்புக் கூடினால் குழம்பை உறிஞ்சுதலும் கூடும். ஒன்றோடொன்று ஒட்டுதலும் கூடும். ஆகவே, கட்டியான இறைச்சிக் குழம்பை வானதூதரின் தலைமயிரின் மேல் ஊற்றினால், அது முழுவதும் ஒரு கட்டியாய்த் திரண்டுவிடும். மெல்லிழைக்கு உரியது தெளிந்த இறைச்சிச் சாறு, அல்லது இலேசான தக்காளிச் சாறு. ஸ்பகெற்றினிக்கும் ஸ்பகெற்றிக்கும் ஒலிவ எண்ணெயில் வதக்கிய உள்ளியும் மிளகாயும், தக்காளிக் குழம்பும், கடல் மட்டியும் இசையும். ஜெனோவா நாட்டார் திருநீற்றுப் பச்சிலையை அரைத்துச் செய்யும் பச்சைக் குழம்புக்குத் தட்டை இழைகளை விரும்புவர். தட்டை மேனியில் அரைத்த விழுது படிந்து நிற்கும். பொலோஞ்ஞா நகரத்தாரின் இறைச்சிக் குழம்புக்கு உரியது, முட்டை சேர்த்துப் பிசைந்து அகலமாக வெட்டிய ‘தாலியத்தெல்லே’. வேகவைத்தபின் அதன் அகலம் 8 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும் என்று 1972 ஆம் ஆண்டில் அந்நகர வர்த்தக சங்கத்தில் முறைப்படி பதிவுசெய்யப்பட்டது. உலகெங்கும் ‘பொலோஞ்ஞா ஸ்பகெற்றி’ என்று பரிமாறப்படும் உணவு அந்நகரத்தாருக்கு அந்நியமாயிருப்பதன் காரணம் இதுவே.

அச்சின் தன்மையும் இங்கு குறிப்பிடத்தக்கது. பழைய அச்சுத் தட்டுகள் வெண்கலத்தாலானவை. அவற்றின் வழியே வரும் இழையின் மேனி சற்றுச் சொரசொரப்பாய், மா பூசியது போல வெளுத்திருக்கும். குழம்பு அதில் பற்றும். ரெஃப்லோன் என்னும் செயற்கைப் பொருள் பதித்த துளைகளின் வழியே வரும் இழையோ மஞ்சளாய், வழுவழுப்பாய் இருக்கும். குழம்பு சற்று வழுக்கும்.

இழைத் தேர்வு ஊரின் மானத்தோடும் பிணைந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இத்தாலியின் நடுமலைப் பகுதியில் அமாத்ரிச்சே என்னும் சிற்றூர் உள்ளது. உப்பிட்டு உலர்த்திய பன்றியின் கன்ன இறைச்சியும் தக்காளியும் ஆட்டுப்பாற் கட்டியும் சேர்ந்த ‘அமாத்ரிச்சானா’ குழம்பு இவ்வூரின் பெயரால் வழங்குகிறது. ரோமாபுரியார் அதனைப் புக்காத்தினியுடன் உண்பர். அமாத்ரிச்சே மக்களோ ஸ்பகெற்றியே முறை என்பர். 2016 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 24 ஆந் திகதி அதிகாலையில் நிகழ்ந்த நிலநடுக்கம் இவ்வூரைத் தரைமட்டமாக்கியது. அப்பிரதேசத்தில் முந்நூறு பேரளவில் மாண்டனர். ஊரார் தம் குழம்பின் பெயரால் ஆண்டுதோறும் நடத்தும் விழாவுக்குச் சில நாட்களே எஞ்சியிருந்தன. அதன்பின் இத்தாலியிலும் வெளிநாடுகளிலும் பல உணவகங்கள், விற்கும் ஒவ்வொரு அமாத்ரிச்சானாத் தட்டுக்கும் ஒரு தொகையை ஒதுக்கி அம்மக்களின் துயர் துடைக்க அனுப்பின. எந்த இழை முறையானது என்ற வழக்கு அவ்வேளையில் எவராலும் எழுப்பப்படவில்லை என்று கொள்ளலாம். ஆனால் ஓர் ஊரின் பெயரை உலகம் நினைவில் வைத்திருந்தது அதன் சமையலால் என்பதும் மெய்.

இறுதியாக, கடைக்குச் செல்வோர் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெயர் எல்லா நாட்டிலும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. இத்தாலியில் வெர்மிச்செல்லி ஸ்பகெற்றியிலும் பருத்தது என்று முன்னர்க் கூறப்பட்டது. அமெரிக்க உணவு விதிகளிலோ வெர்மிச்செல்லி 0.06 அங்குலத்துக்கு, அதாவது ஒன்றரை மில்லிமீற்றருக்கு, மேற்படாதது; அதற்கு மேல் 0.11 அங்குலம் வரை உள்ளது ஸ்பகெற்றி. ஒரே பெயர், இரு நாட்டில் எதிர்மாறான பொருள். இலங்கையிலும் இந்தியாவிலும் அதே பெயர் சேமியாப் பொதியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அதுவும் கோதுமையிற் பிறந்ததே. ஆயினும் மெல்லியது, பெரும்பாலும் குறுகியது, நெய்யில் வறுத்துப் பாயசத்துக்கும் உப்புமாவுக்கும் ஆவது. கீழைநாடுகளின் அரிசி இழையும் ஆங்கிலத்தில் இதே பெயரால் விற்கப்படுகிறது; அதில் குளுற்றன் சிறிதும் இல்லை. கோதுமை ஒவ்வாத நோயாளி ஒருவருக்கு உணவு வாங்குவோர் பெயரை மட்டும் நம்பி ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்தால், அது சுவைக்கேட்டுடன் நில்லாது, உடலுக்கும் கேடாகும்.

பொதிமேல் உள்ள இலக்கமும் பொதுவான அளவுகோலன்று. பரில்லா நிறுவனம் தன் ஸ்பகெற்றிக்கு 5 என்ற இலக்கத்தையும், தே செக்கோ நிறுவனம் தன் ஸ்பகெற்றிக்கு 12 என்ற இலக்கத்தையும் இடுகின்றன. இவை அவ்வந்நிறுவனத்தின் அச்சு வரிசையேயன்றி மில்லிமீற்றர்க் கணக்கல்ல.

ஆகவே, பெயரையும் இலக்கத்தையும் விட நம்பத்தக்கவை மூன்று. முதலாவது, எதனால் செய்யப்பட்டது என்னும் குறிப்பு. வன்கோதுமை றவையா, சாதாரண மாவா, அரிசியா என்பதை அது தெரிவிக்கும். இரண்டாவது, வேகும் நிமிடம்; இழையின் பருமனை அதுவே மறைமுகமாகச் சொல்லிவிடும். மூன்றாவது, உண்பவரின் பல். நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் நீரும் பத்துக் கிராம் உப்பும் என்பது இத்தாலியரின் பொதுக்கணக்கு. நீர் தளதளவென்று கொதித்தபின் இழையை இட்டு, குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தியே ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். நடுவிலுள்ள வெண்புள்ளி சுருங்கியிருந்தால் அடுப்பை அணைக்கலாம்.